நிகாஹ் இல்லாமல் ஒரே வீட்டில்: வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளும் நமது பொறுப்பும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

  

வெளிநாடு சென்றவர்கள் முன்பெல்லாம் ஆலிம்களிடம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. வேலை நேரத்தில் ஜும்ஆ தவறுகிறது, என்ன செய்வது? வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா? விமானத்தில் கிப்லா எது? இப்போது வரும் கேள்விகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பல நேரங்களில் 'என் நண்பருக்காகக் கேட்கிறேன்' என்று தொடங்குகிறார்கள். நிகாஹ் செய்யாத ஆணும் பெண்ணும் வெளிநாட்டில் வேலை நிமித்தம் ஒரே வீட்டில் வாழலாமா என்பதே அந்தக் கேள்வி.

'ஹராம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தப் பதில் சரியானதுதான். ஆனால் ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால், கேட்டவர் மீண்டும் கேட்கமாட்டார். தம் வழியே போய்விடுவார். அதனால் மார்க்கம் என்ன சொல்கிறது, போகும் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது, நிகாஹ் இல்லாத வாழ்வில் யார் எதை இழக்கிறார்கள், பெற்றோரான நம் பங்கு என்ன என்பதையெல்லாம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கேள்வியின் மூன்று வடிவங்கள்

இந்தக் கேள்வி ஒரே மாதிரி வருவதில்லை. முதலாவது, வாடகைச் சுமை. துபாய், லண்டன், சிங்கப்பூர் போன்ற நகரங்களில் தனி வீடு எடுப்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கட்டுப்படியாகாது. ஒரு பிளாட்டை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஆணும் பெண்ணும் கலந்திருக்கிறார்கள். 'எங்களுக்குள் தவறான உறவு எதுவும் இல்லை, வாடகையைத்தான் பகிர்கிறோம்' என்பது இவர்களின் வாதம்.

இரண்டாவது, பேசி முடித்த இணை. 'இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள், நிச்சயம் ஆகிவிட்டது, கல்யாணம் அடுத்த வருடம். இருவருக்கும் ஒரே ஊரில் வேலை. அதுவரை ஒன்றாக இருந்தால் என்ன?'

மூன்றாவது, காதல். வீட்டில் சொல்ல முடியவில்லை, சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். யாரும் கேட்காத ஊர். சேர்ந்து வாழத் தொடங்கிவிட்டார்கள். 'லிவிங் டுகெதர்' என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

மூன்றும் ஒரே அளவு பாவம் என்று மார்க்கம் சொல்லவில்லை. ஆனால் மூன்றுக்கும் விதி உண்டு.

நம் கரைக்கு இது புதிதா?

தூத்துக்குடி, காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் என்று நீளும் நம் முத்துக்குளிக்கும் கரை, சஃபர் போனவர்களாலும் சஃபர் வந்தவர்களாலும் உருவானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வந்து இறங்கும் கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பருவக்காற்றை நம்பி வந்த மாலுமியும் வணிகரும் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் இங்கே தங்கத்தான் வேண்டும். அந்நிய மண், தொலைவில் குடும்பம், கண்டிக்க ஆள் இல்லாத தனிமை: இன்று வெளிநாட்டுக்குப் போகும் நம் இளைஞன் இருக்கும் அதே நிலையில்தான் அவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் இம்மண்ணின் பெண்களை வலீயும் சாட்சிகளும் மஹரும் வைத்து நிகாஹ் செய்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இக்கரையின் முஸ்லிம் சமுதாயத்தில் ஒரு பகுதி. தொலைவில் இருப்பதைக் காரணம் காட்டி அவர்கள் நிகாஹை விட்டிருந்தால் நமக்கு இன்று ஜமாஅத்தும் இல்லை, வம்சமும் இல்லை.

நம் தோணிகள் காலம் காலமாகப் போய்வரும் மாலத்தீவில் 14ஆம் நூற்றாண்டில் காஜியாகப் பணியாற்றியவர் இப்னு பதூதா. கப்பலில் வருகிறவர்கள் அங்கே பெண்களை மணப்பதும், புறப்படும்போது தலாக் சொல்லிவிட்டுப் போவதும் வழக்கமாக இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அது போற்றத்தக்க வழக்கம் இல்லை. கைவிடும் எண்ணத்தோடு ஒரு பெண்ணை மணப்பதை நம் இமாம்கள் வெறுத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு என்று பேசிச் செய்யும் முத்ஆ திருமணமோ முற்றிலும் தடுக்கப்பட்டது. கைபர் போரின்போது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடை செய்ததாக அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. காலக்கெடு வைத்த திருமணத்துக்கே இடமில்லை என்றால், திருமணமே இல்லாத வாழ்வைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பு கொழும்புக்கும் ரங்கூனுக்கும் ஹாங்காங்குக்கும் ஆண்கள் போனார்கள். பெண்கள் ஊரில் காத்திருந்தார்கள். இன்று நம் பெண் பிள்ளைகளும் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி இன்று எல்லா வீட்டுக்கும் உரியது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்குர்ஆன் விபச்சாரத்தைச் செய்யாதீர்கள் என்பதோடு நிற்கவில்லை. அதை நெருங்கவே வேண்டாம் என்கிறது (17:32). அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருக்கும் இடத்தில் மூன்றாவதாக ஷைத்தான் இருக்கிறான் என்ற கருத்துடைய நபிமொழி திர்மிதியில் வருகிறது. 'கல்வத்' என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்வது இந்தத் தனிமையைத்தான். தவறு நடந்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி. அந்தத் தனிமையே தடுக்கப்பட்டது.

சேர்ந்து வாழ்தல் நவீன காலத்தின் கண்டுபிடிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அறியாமைக் கால அரபுகளிடமும் அது இருந்தது. விபச்சாரத்தை வெளிப்படையாகச் செய்வதை இழிவாகக் கருதியவர்கள்கூட, ஒரே ஒருவரைத் துணையாக வைத்துக்கொண்டு மறைவாக வாழ்வதைப் பெரிய குறையாக எண்ணவில்லை. அந்நிஸா அத்தியாயம் 25ஆம் வசனமும் அல்மாயிதா 5ஆம் வசனமும் திருமணத்தைப் பற்றிப் பேசும்போது, இப்படிக் கள்ளத்துணை வைத்துக்கொள்வதைத் தனியே குறிப்பிட்டு விலக்குகின்றன. முதலாவது பெண்களைப் பற்றியும், இரண்டாவது ஆண்களைப் பற்றியும் பேசுகிறது. 'நாங்கள் ஒருவருக்கொருவர் உண்மையாகத்தானே இருக்கிறோம்' என்ற வாதத்துக்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டது.

வாடகை வீட்டைப் பகிர்வதைப் பற்றி நம் ஷாஃபிஈ மத்ஹபில் நுட்பமான விளக்கம் உண்டு. நம் பகுதி மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நூலில், இத்தா இருக்கும் பெண்ணின் தங்குமிடம் பற்றிய பாடத்தில் இது வருகிறது. ஒரே கட்டடத்தில் ஆணுக்கு ஒரு பகுதி, பெண்ணுக்கு ஒரு பகுதி என்றால், சமையலறை, கழிப்பறை போன்றவை இருவருக்கும் பொதுவாக இருக்கக் கூடாது. பொதுவாக இருந்தால் உடன் மஹ்ரம் இருக்க வேண்டும். அவை தனித்தனியாக இருந்தால், இடையிலுள்ள கதவு அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் போகவர மற்றவரின் பகுதியைக் கடக்கும்படி இருக்கக் கூடாது. 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் சொன்ன இந்த விதியை அப்படியே எடுத்து இன்றைய பிளாட்டில் வைத்துப் பாருங்கள். ஒரே அடுக்குமாடியில் தனித்தனி வாசலுள்ள இரண்டு வீடுகளில் இருக்கலாம். ஒரே பிளாட்டில், ஒரே அடுப்படியும் ஒரே குளியலறையுமாக இருக்க முடியாது. அறைக்குத் தனிப் பூட்டு இருப்பது மட்டும் போதாது.

அடுத்து, 'நிச்சயம் ஆகிவிட்டது' என்ற வாதம். நிச்சயம் என்பது வாக்குறுதி. அது நிகாஹ் ஆகாது. மணமகன், மணமகள், வலீ, இரண்டு சாட்சிகள், 'கொடுத்தேன், ஏற்றேன்' என்ற சொல் ஆகிய ஐந்தும் ஷாஃபிஈ மத்ஹபில் நிகாஹின் ருக்னுகள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நிகாஹ் இல்லை. மோதிரம் மாற்றியதும், மாலை போட்டதும், இரு வீட்டாரும் விருந்து உண்டதும் இவற்றுக்கு ஈடாகாது. நிச்சயமான இருவரும் நிகாஹ் வரையில் ஒருவருக்கொருவர் அந்நியரே.

சட்டம் மாறியிருக்கிறதே?

'துபாயிலேயே இப்போது அனுமதித்துவிட்டார்களே, ஹஜ்ரத்?' என்று கேட்கிறார்கள். என்ன அனுமதித்தார்கள் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம் 2020 நவம்பரில் சட்டத் திருத்தங்களை அறிவித்தது. மணமாகாத இருவர் ஒரே வீட்டில் வசிப்பதே குற்றம் என்ற நிலை அதோடு நீங்கியது. 2022 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம், 18 வயது நிறைந்தவர்கள் சம்மதத்தோடு திருமணத்துக்கு வெளியே உறவு வைத்துக்கொள்வதைக் குற்றங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடவில்லை. கணவனோ பாதுகாவலரோ புகார் கொடுத்தால் வழக்கு உண்டு, குறைந்தது ஆறு மாதச் சிறையும் உண்டு. புகார் இல்லாவிட்டால் அரசு தானாகத் தலையிடாது. குழந்தை பிறந்தால் பெற்றோர் மணந்துகொள்ள வேண்டும், அல்லது குழந்தையை ஒப்புக்கொண்டு அதற்கு ஆவணங்கள் பெற வேண்டும்; தவறினால் அதற்கும் தண்டனை இருக்கிறது. 'அனுமதி' என்று நம் பிள்ளைகள் நம்பும் விஷயம், ஒரு புகாரில் கலைந்துவிடக் கூடியது.

சவூதி அரேபியா 2019ல் சுற்றுலா விசாவைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பயணிகள் உறவுச் சான்று காட்டாமல் ஹோட்டலில் ஒரே அறையில் தங்கலாம் என்றது. அது பயணிகளின் தங்கலுக்குச் சொன்னது. அங்கே வேலை செய்து வாழ்கிறவருக்குத் திருமணத்துக்கு வெளியிலான உறவு இன்றும் குற்றம்தான். கத்தாரிலும் குவைத்திலும் அப்படியே. மலேசியாவில் கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1997ஆம் ஆண்டின் ஷரீஅத் குற்றச் சட்டப்படி, கல்வத் குற்றத்துக்கு 3000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இச்சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது. உடன் வேலை செய்யும் மாற்று மத நண்பருக்கு ஆகாதது எதுவும் இல்லாத இடத்தில், நம் பிள்ளைக்கு வழக்கு வரும்.

மேற்கு நாடுகள் வேறு விதம். கனடாவில் ஓராண்டு ஒன்றாக வாழ்ந்தவர்களைக் குடியேற்றத்தில் 'காமன் லா பார்ட்னர்' என்று ஏற்கிறார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மணமாகாத துணைக்கு விசா வழி இருக்கிறது. அங்கே யாரும் தண்டிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நாட்டின் சட்டம் தண்டிக்கவில்லை என்பதால் ஒரு செயல் ஹலால் ஆகிவிடாது. மது விற்பனைக்கு அரசே உரிமம் தருகிறது. அதனால் மது நமக்கு ஆகுமானதா?

நம் நாட்டில் நிலை என்ன?

இந்தியாவில் இந்த விஷயத்தின் முக்கியமான வழக்குகள் பல நம் தமிழ்நாட்டிலிருந்து போனவை. திருமணத்துக்கு முந்திய உறவு பற்றி நடிகை குஷ்பு 2005ல் சொன்ன கருத்துக்காகப் பல ஊர்களில் போடப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரலில் ரத்து செய்தது. வயது வந்த இருவர் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்று அப்போது கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், கோவையிலிருந்து சென்ற ஒரு ஜீவனாம்ச வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது. சேர்ந்து வாழ்ந்த எல்லோருக்கும் மனைவிக்குரிய பாதுகாப்பு கிடைத்துவிடாது. இருவரும் மணமாகாதவர்களாக, மணக்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். ஊரார் முன் கணவன் மனைவியாகவே நீண்ட காலம் வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் தங்கிப்போவது கணக்கில் வராது. முதல் தீர்ப்பைப் பலரும் அறிவார்கள். இரண்டாவது தீர்ப்பைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

அதைவிட நம் நெஞ்சைத் தொட வேண்டிய வழக்கு 2013 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. கோவையைச் சேர்ந்த முஸ்லிம் இணை, இரண்டு குழந்தைகள். அந்த மனிதர் விட்டுப் போய்விட்டார். குடும்ப நீதிமன்றம் குழந்தைகளுக்கு ஜீவனாம்சம் கொடுத்தது. திருமணம் நடந்ததற்கு ஆவணம் இல்லை என்று பெண்ணுக்கு மறுத்துவிட்டது. பிரசவத்தின்போது மருத்துவமனைப் படிவத்தில் அவர் கணவர் என்று போட்ட கையெழுத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டு, உயர் நீதிமன்றம் அப்பெண்ணை மனைவி என்று ஏற்று மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் வழங்கியது. அத்தீர்ப்பில் நீதிபதி சொன்ன வேறு கருத்துகள் பெரும் சர்ச்சை ஆயின. அவை இங்கே நமக்கு வேண்டாம். ஒரு முஸ்லிம் பெண், தான் மனைவி என்று நிரூபிக்கப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி, கடைசியில் ஒரு மருத்துவமனைக் காகிதத்தால் வெற்றி பெற வேண்டியிருந்தது. பள்ளிவாசல் தஃப்தரில் ஒரு கையெழுத்து இருந்திருந்தால் அந்த அலைச்சல் எதற்கு?

ஊரில் மனைவி இருக்க, வெளிநாட்டில் வேறொருவரோடு வாழ்கிறவர்களும் உண்டு. ஏற்கெனவே மணமான ஒரு முஸ்லிம் ஆண், வேறொரு பெண்ணோடு சேர்ந்து வாழப் பாதுகாப்பு கேட்ட வழக்கில், திருமணம் நீடிக்கும்போது அப்படி வாழ இஸ்லாம் இடம் தரவில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் கூறியது. நம் மார்க்கத்தை நீதிமன்றம் நமக்கு நினைவூட்டும் நிலைக்கு நாம் வந்துவிடக் கூடாது.

நிகாஹ் கொடுப்பதை யார் இழக்கிறார்கள்?

அல்லாஹ் திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்று அழைக்கிறான் (4:21). உடன்படிக்கை என்றால் இரு பக்கமும் கடமை உண்டு. நிகாஹ் நடந்த நொடியில் பெண்ணுக்கு மஹர் உரிமையாகிறது. உணவு, உடை, இருப்பிடம் கணவனின் கடமை ஆகின்றன. அவள் எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தக் கடமை குறையாது. பிரிந்தால் இத்தா காலத்துக்கு விதிகள் உண்டு. கணவன் இறந்தால், பிள்ளை இருந்தால் எட்டில் ஒரு பங்கும், இல்லாவிட்டால் நான்கில் ஒரு பங்கும் அவளுக்கு (4:12).

சேர்ந்து வாழும் பெண்ணுக்கு இவற்றில் எதுவுமில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் விபத்தில் அந்த ஆண் இறந்துவிடுகிறார். கம்பெனி தர வேண்டிய பணமும் காப்பீட்டுத் தொகையும் வாரிசுகளுக்குப் போகும். ஊரில் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் அவருடைய உம்மா பெயர் இருக்கும். உடன் வாழ்ந்த பெண்ணின் பெயர் இராது. ஐந்து வருடம் வாடகையில் பாதியைக் கொடுத்தவள், ஜனாஸாவை ஊருக்கு அனுப்பும் தாளில் கையெழுத்திடவும் உரிமை இல்லாமல் நிற்பாள்.

இன்னும் பெரிய இழப்பு குழந்தைக்கு. நிகாஹுக்கு வெளியே பிறந்த குழந்தையின் வம்சம் நம் மத்ஹபில் தாயோடு மட்டுமே சேரும். தந்தை வழி வாரிசுரிமை இல்லை. அந்தக் குழந்தை எந்தப் பாவமும் செய்யவில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆனின் தெளிவான விதி (6:164). ஆகவே அக்குழந்தையை ஊரில் யாரும் இழிவாகப் பேசக் கூடாது. ஆனால் அது இழந்ததை நம்மால் திருப்பித் தரவும் முடியாது.

பெற்றோரிடமும் ஒரு கேள்வி

பிள்ளைகளைக் கண்டிக்கும் நாம், நிகாஹை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும். அல்லாஹ் நம்மை நோக்கி, உங்களில் துணையில்லாதவர்களுக்கு மணமுடித்து வையுங்கள், அவர்கள் ஏழைகளாக இருந்தாலும் தன் அருளால் செல்வமளிப்பான் என்ற பொருளில் கட்டளையிடுகிறான் (24:32). இந்த வசனம் பிள்ளைகளைவிட, அவர்களுக்குப் பொறுப்பானவர்களை நோக்கியே பேசுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? பெண்ணுக்கு வீடு கட்டி முடிந்தபின்தான் கல்யாணம் என்று நம் கரையோர ஊர்களில் வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறோம். நகைக் கணக்கு, சீர் கணக்கு, கைக்கூலி, மண்டபம், மூன்று நாள் விருந்து. 'தம்பி இன்னும் செட்டில் ஆகவில்லை', 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும்' என்று முப்பதைத் தாண்டவிடுகிறோம். இதற்கிடையில் பிள்ளை தனியாக ஒரு நகரத்தில் இருக்கிறான், இருக்கிறாள். மஹராகக் கொடுக்க இரும்பு மோதிரம்கூட இல்லாத தோழருக்கு, அவர் மனனமிட்ட குர்ஆன் அத்தியாயங்களையே காரணமாக வைத்து நபி (ஸல்) அவர்கள் மணமுடித்து வைத்த செய்தி புகாரியில் வருகிறது. அந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நம் ஊரில், ஹலாலான வழி பல லட்சமாகவும் ஹராமான வழி பாதி வாடகையாகவும் இருந்தால், சோதனை யாருக்கு அதிகம் என்று சிந்திக்க வேண்டும். இதனால் பிள்ளையின் தவறு நியாயமாகிவிடாது. நம் தவறும் மறைந்துவிடாது.

கடல் தாண்டியும் நிகாஹ் நடக்கும்

'இருவரும் வெளிநாட்டில் இருக்கிறோம், விடுமுறை ஒன்றாகக் கிடைப்பதில்லை' என்பது உண்மையான சிக்கல். மார்க்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. முன்மாதிரி நபி (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே இருக்கிறது. உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போன இடத்தில் தனித்துவிடப்பட்டார்கள். மதீனாவிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அம்ர் இப்னு உமய்யா (ரலி) அவர்களைத் தூதராக அனுப்பினார்கள். பெண்ணின் தரப்பில் உறவினரான காலித் இப்னு ஸஈத் (ரலி) வகீலாக இருந்தார்கள். மன்னர் நஜ்ஜாஷி தம் அவையில் நிகாஹை நடத்தி, நபியவர்களின் சார்பில் மஹரையும் கொடுத்தார். 400 தீனார் என்றும் 4000 திர்ஹம் என்றும் அறிவிப்புகள் உண்டு. இடையில் செங்கடல் இருந்தது, நிகாஹ் தடைபடவில்லை.

இன்றும் அப்படியே செய்யலாம். ஊரில் இருக்கும் வாப்பா, பெண் இருக்கும் நாட்டில் நம்பகமான ஓர் ஆலிமையோ உறவினரையோ வகீலாக நியமிக்கலாம். அங்கே இரண்டு முஸ்லிம் சாட்சிகள் முன் அந்த வகீல் மணமுடித்துக் கொடுப்பார். அல்லது மணமகன் ஊரில் தம் சார்பில் ஏற்க ஒருவரை வகீலாக்கலாம். வீடியோ அழைப்பிலேயே நேரடியாக நிகாஹ் சொல்வதைத் தவிர்க்க வேண்டும். 1990ல் நவீனத் தொடர்புச் சாதனங்கள் வழி ஒப்பந்தங்களை அனுமதித்த சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சாட்சிகள் நிபந்தனையின் காரணமாக நிகாஹை அதிலிருந்து விலக்கி வைத்தது. வகீல் வழி இருக்கும்போது சந்தேகமான வழி எதற்கு?

நிகாஹை இப்போது எளிமையாக முடித்து, வலீமா விருந்தை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். விருந்துக்காக நிகாஹைத் தள்ளிப்போடுவதுதான் தலைகீழ்.

நிகாஹோடு அரசுப் பதிவும் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிய வேண்டும்; தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. குடும்ப விசாவுக்கு இந்தச் சான்றிதழ்தான் கேட்பார்கள். வெளிநாட்டில் நிகாஹ் செய்தால் அந்நாட்டுச் சட்டப்படி பதிய வேண்டும். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தந்த தீர்ப்பைப் பாருங்கள். 1998ல் லண்டனில் முறையாக நிகாஹ் செய்து, நான்கு பிள்ளைகள் பெற்ற ஒரு தம்பதி சட்டப் பதிவு செய்திருக்கவில்லை. அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் அங்கே திருமணமே நடக்கவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அல்லாஹ்விடம் மனைவியாக இருந்தவர், அரசின் ஏட்டில் வெறுமனே சேர்ந்து வாழ்ந்தவர் ஆகிவிட்டார். நிகாஹ் செய்தும் ஒரு காகிதத்தை விட்டதால் வந்த நிலை இது.

ஏற்கெனவே அப்படி வாழ்கிறவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் யாரேனும் அப்படி வாழ்ந்துகொண்டிருந்தால், உங்களை விரட்டுவதற்காக இது எழுதப்படவில்லை. முதலில் வீட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பர் வீட்டில் சில நாள் தங்குவது பெரிய சிரமமில்லை. உள்ளம் வருந்தித் தவ்பா செய்யுங்கள். பாவம் செய்தவர் தவ்பா செய்து, ஈமானோடு நற்செயல் புரிந்தால் அல்லாஹ் அவருடைய தீமைகளை நன்மைகளாகவே மாற்றுகிறான் என்ற நற்செய்தி அல்ஃபுர்கான் அத்தியாயத்தில் இருக்கிறது (25:70). மணக்கத் தடை எதுவும் இல்லையென்றால் தாமதிக்காமல் நிகாஹ் செய்துகொள்ளுங்கள். கருவுற்றிருந்தாலோ, குழந்தை இருந்தாலோ, இருவரில் ஒருவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி உண்டு. ஊர் ஆலிமிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் வெளியூர் ஆலிமிடமேனும் முழு விவரம் சொல்லிக் கேளுங்கள்.

பெற்றோருக்கு: செய்தி காதில் விழுந்ததும் பாஸ்போர்ட்டைப் பிடுங்குவதும், உறவை அறுத்தெறிவதும் தீர்வாகாது. வீட்டின் கதவு அடைபட்டால் பிள்ளைக்கு அந்த பிளாட்டின் கதவு மட்டும்தான் மிச்சமிருக்கும். அவர்கள் நிகாஹுக்குத் தயாரானால், மார்க்கத் தடை இல்லாதபோது, குடும்ப கௌரவத்தைச் சொல்லி வலீயாக நிற்க மறுக்காதீர்கள்.

ஊராருக்கு: தவறு செய்த ஒருவரைத் தம்மிடம் அனுப்பி வைத்த தோழரிடம், நீர் உமது ஆடையால் அவரை மறைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. யாருடைய பிள்ளையின் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடாதீர்கள். ஒரு பெண்ணின் மீது சாட்சியின்றிப் பழி சுமத்துவதும் பெரும்பாவமே.

ஜமாஅத்துகள் இரண்டு வேலைகளைத் தொடங்கலாம். வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போகும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும், அந்த ஊரில் தனித்தனியே தங்குமிடம் பார்த்துக்கொடுக்க அங்குள்ள நம்மூர்ச் சகோதரர்களோடு ஓர் ஏற்பாடு. ஊரில் ஒருவர் தம் மகனுக்கோ மகளுக்கோ பள்ளிவாசலில் பேரீச்சம்பழத்தோடு நிகாஹை முடித்தால், அதைக் குறைவாகப் பேசாமல் முதல் வரிசையில் போய் அமரும் பழக்கம்.

கடலை நம்பி வாழ்ந்த நம் முன்னோர்கள் எந்தக் கரையில் இறங்கினாலும் நிகாஹைக் கூடவே கொண்டுபோனார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது எளிதாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக! அவர்களின் கற்பையும் ஈமானையும் சந்ததிகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.